கிரியான் ஆற்றில் கயாக் ஏறி நீர்நாய் பார்க்க: புதியவர்களுக்கான வழிகாட்டி

பினாங்கின் நிபோங் திபாலில் ஆறு எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். அந்த ஆற்றில் நீர்நாய் குடும்பம் குடும்பமாக மீன் பிடிக்கிறது என்று சொன்னால் பெரியவர்களே நம்ப யோசிப்பார்கள். காரணம் எளிது. மின்மினி பார்க்கும் படகுகள் இருட்டிய பிறகுதான் கிளம்புகின்றன. நீர்நாய் வெளியே வருவது அதற்கு முன்பு. விசைப்படகின் சத்தத்தில் அது ஒதுங்கியும் விடும். மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில், சத்தமில்லாத ஒரு கயாக்கில் சரியான இடத்தில் நிற்பவருக்குத்தான் அது தெரியும்.

சரியான இடத்தில் நிற்பது என்பதுதான் முழு வேலையும். துரத்திப் போய் நீர்நாய் பார்த்தவர் யாருமில்லை. தண்ணீர்க் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டால் அதுவே உங்களைக் கடந்து போகும்.

எதைப் பார்க்கப் போகிறோம்

மலேசியாவில் 4 வகை நீர்நாய்கள் உண்டு. இந்தக் கரையில் கண்ணில் படக்கூடியவை இரண்டு. பெரியது மென்மயிர் நீர்நாய்: 7 முதல் 11 கிலோ, மூக்கிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய 1 மீட்டர், தட்டையான வால், முக்கால்வாசி உணவு மீன். சிறியது குறுநக நீர்நாய்: பூனை அளவுதான், 3 கிலோ சுற்றி இருக்கும், நண்டும் நத்தையும் தின்னும், விரல்களால் சேற்றைத் துழாவித் தேடும். உலகத்து நீர்நாய்களில் மிகச் சிறியது இதுதான். கிரியான் முகத்துவாரத்துக்குத் தெற்கே, மாத்தாங் அலையாத்திக் காட்டை ஒட்டிய குவாலா கூலாவில் மென்மயிர் நீர்நாய் பலகாலமாக ஆராய்ச்சியாளர்களுக்குப் பழக்கம். மீனவர்களிடமும் செம்பனைத் தோட்டத்து ஆட்களிடமும் விசாரிக்கும்போது ‘மெமெராங்’ என்று கேளுங்கள், உடனே புரியும்.

முதல் வேலை கரையில். கயாக்கைத் தொடுவதற்கு முன் ஒரு பகல் ஆற்றோரமாக நடந்து எச்சத்தைத் தேடுங்கள். நீர்நாய்க் குடும்பம் ஒரே மேட்டில், ஒரே மரத்தடியில் திரும்பத் திரும்ப எச்சமிடும். புதியது கரும்பச்சையாகத் தார்போல வழவழப்பாக இருக்கும். காய்ந்தால் சாம்பல் நிறமாகிப் பொடியும். குச்சியால் கிளறினால் மீன் செதில்கள் வெயிலில் மினுங்கும், ஊசிபோன்ற எலும்பும் கிடக்கும். செதில் இருந்தால் பெரிய வகை. சிவந்த நண்டு ஓட்டுச் சில்லுகள் மட்டும் என்றால் சிறிய வகை. கருவாட்டுக்கும் பழைய நெத்திலிக்கும் இடைப்பட்ட அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பக்கத்தில் புல் நசுங்கி மணல் வழுவழுப்பாக இருந்தால் அங்கே உருண்டு புரண்டு மயிரை உலர்த்துகின்றன என்று பொருள். இப்படி இரண்டு மூன்று இடங்களைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எச்சம் எல்லாமே காய்ந்து கிடந்தால் அந்தக் குடும்பம் வேறு பக்கம் போயிருக்கும். வேறு இடம் பாருங்கள்.

நாளும் நேரமும்

வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டியே முதல் கருவி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த இரண்டு நாள் வரை கடல் ஏற்ற இறக்கம் மிகப் பெரியதாக இருக்கும், ஆற்றின் இழுப்பும் அதற்கேற்ப வேகமாகும். அஷ்டமி, நவமி, தசமியில் இழுப்பு குறைவு. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கும் அந்த நாட்கள்தான் புதிதாகத் துடுப்புப் பிடிப்பவருக்கு உகந்தவை.

அடுத்து பினாங்குத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தும். அட்டவணையில் உள்ள நேரம் கடலோரத்துக்கு உரியது. ஆற்றுக்குள் வர வர அது தாமதமாகும். எவ்வளவு தாமதம் என்பதை, ஒரு நாள் படகுத்துறைத் தூணில் தண்ணீர் எப்போது நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். படகோட்டிகள் ஏற்றத்தை ‘ஆயேர் பாசாங்’ என்பார்கள், இறக்கத்தை ‘ஆயேர் சூருட்’.

நீங்கள் கிளம்பும் இடத்தில் மாலை 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஏற்றம் உச்சம் தொடும் நாளைத் தேர்ந்தெடுங்கள். 5 மணிக்கு நீங்கள் தண்ணீரில் இறங்கும்போது இறக்கம் தொடங்கியிருக்கும். செம்பனைத் தோட்டத்து பாரிட் எனும் வடிகால்களிலிருந்தும் வயல் வாய்க்கால்களிலிருந்தும் வடியும் தண்ணீரோடு சிறு மீன்கள் ஆற்றுக்கு வரும். அவை ஆற்றில் சேரும் வாய்களில் நீர்நாய் காத்திருக்கும். 7 மணிக்கு நீங்கள் கரையேறும்போதும் தண்ணீர் முழுக்க வற்றியிருக்காது. முழு வற்றத்தில் திரும்பினால் துறைக்கும் தண்ணீருக்கும் நடுவே முழங்கால் ஆழச் சேறு கிடக்கும். அதில் 30 கிலோ கயாக்கை இழுத்துப் பார்த்தவர் மறுமுறை அட்டவணையை இருமுறை பார்ப்பார். அப்படி ஒரு நாள் அமையாவிட்டால் அஷ்டமியை ஒட்டிப் போங்கள், நேரம் சற்று முன்பின் இருந்தாலும் சமாளிக்கலாம்.

திசை விஷயத்தில் ஒரே விதி: போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள், வரும்போது அதோடு வாருங்கள். ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு. புதியவர் மணிக்கு 4 கிலோமீட்டர் துடுப்புப் போடுவார். ஆறு 3 கிலோமீட்டர் வேகத்தில் கடலை நோக்கி இழுக்கிறது என்று வையுங்கள். இழுப்போடு போனால் 3 கிலோமீட்டரை 26 நிமிடத்தில் கடந்துவிடலாம், “அட, சுலபம்தான்” என்று தோன்றும். திரும்பும்போது மிச்சமிருப்பது மணிக்கு 1 கிலோமீட்டர். அதே தூரத்துக்கு 3 மணி நேரம், அதுவும் இருட்டில். இந்த ஆற்றில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் வழி பெரும்பாலும் இதுதான். ஆகவே இறக்க நேரத்தில் மேல்நோக்கிப் போங்கள். ஏற்ற நேரமாக இருந்தால் கீழ்நோக்கி.

வானிலையில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்கள் பிற்பகல் இடிமழைக்குப் பேர்போனவை. ஜனவரி, பிப்ரவரியில் இந்த வடமேற்குக் கரை ஓரளவு வறண்டிருக்கும். வானிலைத் துறையின் மைச்சுவாச்சா செயலியை 4 மணிக்குப் பாருங்கள், காலையில் பார்த்ததை நம்பவேண்டாம். இடிச் சத்தம் காதில் விழுந்தால் கரையேறிவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். மரத்தடியில் நிற்காதீர்கள். பிற்பகல் கடற்காற்று பொதுவாக மாலை சாயச் சாய அடங்கும். அடங்காமல் ஆற்றுக்குள் அடித்தால், எதிரே வடியும் தண்ணீரோடு மோதி அலை எழும்பும். அன்று நீர்நாயின் தலை அலைகளுக்கிடையே தெரியாது, போவதில் பயனில்லை.

முதலை

இதைத் தள்ளிவைத்துவிட்டு வழிகாட்டி எழுத முடியாது. தீபகற்பத்தின் மேற்குக் கரை ஆறுகளில் உவர்நீர் முதலை உண்டு. கிரியானிலும் பார்த்ததாக அவ்வப்போது செய்தி வரும். ‘ஆவாஸ் புவாயா’ (முதலை, கவனம்) பலகை இருந்தாலும், அந்த வாரத்தில் பார்த்ததாக ஒரு மீனவர் சொன்னாலும், கயாக்கை இறக்காதீர்கள். படகோட்டி ஒருவரை அமர்த்தி விசைப்படகில் போய், இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதே வாயில் காத்திருங்கள். பார்ப்பது சற்றுக் குறையும், அவ்வளவுதான். உண்மையில் எல்லோருமே முதல் முறை அப்படிப் போவதுதான் புத்திசாலித்தனம். ஆறும் பழகும், படகோட்டி எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்பதும் தெரியும்.

கயாக்கில் போனால் இரண்டு கயாக்குக்குக் குறையாமல் போங்கள். கை கால்களைத் தண்ணீரில் தொங்கவிடாதீர்கள். மீன் கழுவும் இடத்திலோ கோழிக் கழிவு கொட்டும் இடத்திலோ இறங்காதீர்கள். தண்ணீர் விளிம்பில் நின்று படம் எடுக்கவேண்டாம். ஏறினோம், கிளம்பினோம் என்றிருக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இந்த ஆற்றில் கயாக்கில் ஏற்றாதீர்கள்.

சாமான்கள்

மேலே உட்காரும் வகைக் கயாக் எடுங்கள், உள்ளே கால் நுழைக்கும் வகை வேண்டாம். கவிழ்ந்தாலும் தண்ணீர் நிரம்பாது, மறுபடி ஏறுவது எளிது. ஒருவருக்கானது 20 முதல் 30 கிலோ வரும். கிளம்புமுன் பின்பக்கத்து வடிகால் திருகு இறுகியிருக்கிறதா என்று விரலால் திருகிப் பாருங்கள். வாடகைக் கயாக்கில் அதிகம் விட்டுப்போவது அதுதான். திருகு இல்லாமல் போனால் கயாக்கின் உட்கூட்டில் மெல்லத் தண்ணீர் சேரும். அரை மணி கழித்து ஏன் இப்படித் தள்ளாடுகிறது என்று புரியாமல் முழிப்பீர்கள். துடுப்பு 220 முதல் 230 செண்டிமீட்டர் நீளம் பொருந்தும்.

மிதவைச் சட்டை 50 நியூட்டன் மிதப்புத் திறனுள்ளது, உடலுக்கு ஏற்ற அளவில். போட்டுக்கொண்டு, ஒருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதைத் தாண்டி ஏறினால் அது பெரிது. சட்டையிலேயே விசில் கட்டியிருக்க வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், நீர்புகாப் பையில் கைப்பேசி, 10 மீட்டர் கயிறு, நெற்றி விளக்கு, வார் உள்ள செருப்பு. சிலிப்பரைச் சேறு முதல் அடியிலேயே விழுங்கிவிடும். 8 மடங்கு பெரிதாக்கும், தண்ணீர் புகாத தொலைநோக்கி போதும். 12 மடங்கு என்றால் ஆடும் கயாக்கில் எதுவும் நிற்காது. முழுக்கை, முழுக்கால் உடை அவசியம். சூரியன் இறங்கியதும் அகாஸ் எனும் கடிக்கும் சிறு பூச்சி கூட்டமாக வந்து மொய்க்கும்.

கவிழ்ந்து பழகாமல் ஆற்றில் இறங்காதீர்கள். நீச்சல் குளத்தில் பழகலாம். கயாக்கின் அடிப்பக்கத்தின் மேல் சாய்ந்து, எதிர் விளிம்பைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்தால் அது நிமிரும். பிறகு நடுப்பகுதிக்கு வாருங்கள், பின்பக்கத்துக்கு அல்ல. இரு விளிம்பையும் பிடித்து, உடல் தண்ணீரின் மேல்மட்டத்தில் கிடக்கும்படி காலை உதைத்து, வயிறு கயாக்கின் குறுக்கே வரும்வரை தாவுங்கள். புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை எடுத்து உள்ளே வையுங்கள். கால் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே தாவுவதால்தான் பலர் தோற்கிறார்கள். உதைத்து மிதந்தால் பாதி வேலை முடிந்தது. யார் துணையும் இல்லாமல் தொடர்ந்து மூன்று முறை ஏற முடிந்தால் தயார் என்று கொள்ளலாம்.

ஆற்றில்

சூரிய மறைவு இங்கே மாதத்துக்குத் தக்கபடி 7 மணிக்குச் சற்று முன்பிலிருந்து 7:40 வரை நகரும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: மறையும்போது கரையில் இருக்க வேண்டும், அதற்கு 2 மணி நேரத்துக்கு முன் கிளம்ப வேண்டும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி தாண்டினால் அவர் 999-ஐ அழைக்க வேண்டும்.

கரையை ஒட்டிப் போனால் இழுப்பு குறைவு. வளைவுகளில் உட்பக்கத்தில் இன்னும் குறைவு, நடு ஆற்றில்தான் அதிகம். கரையோர நிப்பா பனை மட்டைகளுக்குள் நுழையாதீர்கள். சிக்கினால் பின்வாங்குவது சிரமம், குளவிக் கூடும் இருக்கும். மீன்வலைக் கயிறு குறுக்கே கட்டியிருக்கலாம். மிதக்கும் போத்தல்கள் வரிசையாகத் தெரிந்தால் சுற்றிப் போங்கள். விசைப்படகு வந்தால் கயாக்கின் மூக்கை அதன் அலையை நோக்கித் திருப்புங்கள், பக்கவாட்டில் வாங்காதீர்கள். பேராக் பக்கத்து வயல்களுக்கு 1906-இல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள் உண்டு; மதகு உள்ள வாய்களில் மீன் அதிகம், நீர்நாயும் வரும். ஆனால் மதகு திறந்தால் திடீரென வெள்ளம் பாயும். 30 மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.

குறித்து வைத்த வாய்க்கு எதிர்க்கரையில், காற்று உங்கள் முகத்தில் படும்படி நின்றுகொள்ளுங்கள். நீர்நாய்க்கு மூக்கு கூர்மை. நிப்பா மட்டை ஒன்றில் கயிற்றை ஒரு சுற்று மட்டும் போட்டுப் பிடியுங்கள். முடிச்சு வேண்டாம், அவசரத்துக்கு அவிழாது. துடுப்பை மடியில் வையுங்கள். பிளாஸ்டிக் கயாக்கில் ஒரு தண்ணீர்ப் போத்தல் உருண்டால்கூட மத்தளம்போல் ஒலிக்கும், எல்லாவற்றையும் கட்டிவையுங்கள். இனி காத்திருப்பு, 40 நிமிடம் வரை.

முதலில் வருவது பெரும்பாலும் சத்தம்தான். பறவையினுடையது என்று நினைக்கத் தோன்றும் கீச்சொலி, ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு வரும். கொக்குகள் வரிசையாகக் கரையோரம் தத்தித் தத்தி நகர்ந்தாலும் கவனியுங்கள். நீர்நாய் கலைக்கும் மீனுக்காக அவை கூடவே வரும். பிறகு தண்ணீரில் தலைகள். மென்மயிர் நீர்நாய்கள் வரிசை கட்டி, சில சமயம் வளைவாக விரிந்து, மீனை முன்னே தள்ளிக்கொண்டு வரும்.

உடும்பு என்று ஏமாற வேண்டாம். உடும்பு தலையை நேராக வைத்து, உடலைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி நீந்தும். நீர்நாயின் தலை உருண்டை. மூழ்கும்போது முதுகு வளைந்து எழும், கடைசியில் வால் தெரியும். அசையாமல் இரண்டு மேடுகள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தால் அது மரக்கட்டையோ முதலையோ. எது என்று பார்க்கக் கிட்டே போகாமல் கிளம்பிவிடுங்கள்.

எவ்வளவு தூரம் வரை

குளிர்நாடுகளில் கயாக்கில் போய்ப் பாறையில் படுத்திருக்கும் கடல்நாய்களைப் பார்ப்பார்கள். 50 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் அதற்கான வழிகாட்டு நெறி. நம் கடலில் கடல்நாய் கிடையாது, ஆனால் அந்தத் தூரம் நீர்நாய்க்கும் நல்ல அளவு: 50 மீட்டர், குட்டி இருந்தால் 100. மீட்டரைவிட நம்பகமானது விலங்கின் நடத்தை. ஒன்று மீன் பிடிப்பதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி உங்களைப் பார்த்தால் துடுப்பை அசைக்காதீர்கள். எல்லாமே சேர்ந்து நிமிர்ந்து பார்த்து, மூக்கால் ‘ஹஃப்’ என்று ஊதினால் நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டீர்கள். நேராகத் திரும்பாமல், சாய்வாக, மெல்ல விலகுங்கள். அவை தாமாகவே உங்களை நோக்கி வந்தால் நகராமல் இருங்கள்; கடந்து போய்விடும்.

கரைக்கும் நீர்நாய்க்கும் நடுவிலோ, குட்டிக்கும் தாய்க்கும் நடுவிலோ புகக்கூடாது. குட்டியுள்ள குடும்பம் கடிக்கும். 2021-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் நடந்துபோன ஒருவரை ஒரு கூட்டமே கடித்தது. ஒரு குடும்பத்தோடு 15 நிமிடம் போதும். பளிச்சென்ற விளக்கு, சீழ்க்கை, ட்ரோன் எதுவும் வேண்டாம். மீன் போடுவது எல்லாவற்றிலும் மோசம். படகைக் கண்டால் உணவு என்று பழகிய நீர்நாய், நாளைக்கு மீன் குளத்துக்காரரின் கம்பிக் கண்ணிக்குள் போய் நிற்கும்.

பொறுமையாக இருந்தால் சாப்பிடுவதைப் பார்க்கலாம். சின்ன மீன் என்றால் நீரிலேயே நிமிர்ந்து, இரு முன்கால்களாலும் பிடித்துத் தலையிலிருந்து கடிக்கும். அமைதியான மாலையில் எலும்பு நொறுங்கும் சத்தம் எதிர்க்கரைக்கே கேட்கும். பெரிய மீன் என்றால் கரைக்கு இழுத்துப் போகும், அதன் பின்னால் குட்டிகள் கத்திக்கொண்டு ஓடும். தொலைநோக்கியில் மீசை மயிர்களைக் கவனியுங்கள். கலங்கிய ஆற்றில் மீனின் அசைவை அது உணர்வது அவற்றால்தான்.

திரும்பிய பிறகு

மின்மினிப் படகுகள் கிளம்புமுன் கரையேறிவிடுங்கள். விளக்கில்லாத கயாக்கை இருட்டில் எந்தப் படகோட்டியாலும் பார்க்க முடியாது. ஏதோ காரணத்தால் தாமதமானால் நெற்றி விளக்கைப் போட்டு, கரையை ஒட்டியே வாருங்கள். கயாக்கை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வடிகால் திருகைக் கழற்றி உள்ளே சேர்ந்ததை வடியவிடுங்கள்.

உடனே சோப்புப் போட்டுக் குளியுங்கள். ஆற்று நீரிலும் சேற்றிலும் எலிச் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று போகாமலிருப்பதே நல்லது. அடுத்த 4 வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மருத்துவரிடம் ஆற்றில் இறங்கியதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கி என்றே முதலில் தேடுவார்கள்.

தேதி, நேரம், தண்ணீர் ஏற்றமா இறக்கமா, எத்தனை நீர்நாய், எந்த வாய் என்று எழுதிவையுங்கள். சில மாதத்தில் எந்தக் குடும்பம் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஆனால் இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிட்டுப் பொதுவெளியில் படம் போடாதீர்கள். செல்லப்பிராணிக்காகக் குட்டி பிடிப்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். மென்மயிர், குறுநகம் இரண்டின் வெளிநாட்டு வணிகமும் 2019 முதல் சைட்டிஸ் எனும் பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலின் கீழ் தடை; உள்நாட்டில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. வலையில் சிக்கிய நீர்நாயையோ விற்பனைக்கு வைத்த குட்டியையோ பார்த்தால் நீங்களே கை வைக்காமல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள். கடி பட்டால் காயத்தை 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.